குறைத்து எடுத்த பக்கங்கள்

போன மாதம் செந்தில் போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு கல்லூரி நூலகத்தின் ஜெராக்ஸ் அறைக்கு வந்தவர் அவர். "ஏனுங்ண்ணா, நல்லாருக்கீங்களா? நம்ம ரூமை எடுத்துடறாங்க. மெஷினைக் கீழ ஆபீசுக்குக் கொண்டு போறாங்களாம். பசங்க யாரும் வர்றதில்லீங்க. புத்தகத்தை விரிச்சு செல்போன்ல ஒரு படம், அவ்வளவுதான்" என்றார். நூலகத்துக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். அதில் பழைய நாட்களைப் பற்றி நான் இரண்டு பக்கம் எழுத வேண்டுமாம். "கலகலப்பா எழுதிக் குடுங்ண்ணா. அப்பெல்லாம் உங்க கவுண்டர்ல திருவிழாக் கூட்டமாமே."

கூட்டம் இருந்தது உண்மைதான். கலகலப்பும் இருந்தது. ஆனால் எழுத உட்கார்ந்தால் கை வேறு பக்கம் போகிறது. இரண்டு பக்கத்தில் அடங்கவும் இல்லை.

என் ஊர் வெள்ளகோவில். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஈரோட்டில் ஒரு சர்வீஸ் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். டைப்ரைட்டர், சைக்ளோஸ்டைல், கடைசியாக ஜெராக்ஸ் மெஷின். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரி நூலகத்துக்கு மெஷின் வாங்கினார்கள். பொருத்திக் கொடுக்கப் போன என்னிடம் நூலகர், "நீங்களே இருந்துபோடுங்களேன்" என்றார். இருந்துவிட்டேன். மாமனாருக்கு உடம்பு முடியாததால் மனைவியும் மகளும் வெள்ளகோவிலிலேயே இருந்தார்கள். பீளமேட்டில் எனக்கு ஒரு ஒற்றை அறை. சனிக்கிழமை பஸ் ஏறுவது, ஞாயிற்றுக்கிழமை திரும்புவது. சில மாதத்துக்கு என்று சொல்லி ஆரம்பித்த ஏற்பாடு, நான் ஓய்வு பெறும்வரை ஓடியது.

ஜெராக்ஸ் எடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பொத்தானை அமுக்கத் தெரிந்தால் போதும். ஆனால் சரியாக எடுக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். தடித்த புத்தகத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து, நடுத் தையலில் உள்ளங்கையால் அழுத்தாவிட்டால் பக்கத்தின் ஓரம் கருப்பாக விழுந்து நாலு வார்த்தையைத் தின்றுவிடும். ஆடி மாதம் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்றும் சாரலும் வந்தால் தாள் ஈரம் இழுத்து மெஷினுக்குள் சிக்கிக்கொள்ளும். அதற்காகத் தாள் அடுக்கி வைக்கும் பீரோவுக்குள் ஒரு அறுபது வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு இரவு பகலாக எரிய விடுவேன். காலையில் வந்ததும் பீரோவைத் திறந்து தாளைத் தொட்டுப் பார்ப்பேன். வெதுவெதுப்பாக இருந்தால் அன்றைக்கு மெஷின் படுத்தாது. பிள்ளைகள் ஒரு சீட்டில் பெயர், வகுப்பு, எந்தப் புத்தகம், எத்தனை பக்கம் என்று எழுதித் தர வேண்டும். சீட்டைக் கம்பியில் குத்திவிட்டுத்தான் மூடியைத் திறப்பேன். இதெல்லாம் நூலகர் வகுத்த முறை.

நூலகர் பெயர் கனகசபாபதி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பெருக்குகிற அம்மாவைக்கூட "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுவார். ஒருவரிடம் ஒரு கேள்வியை இரண்டு முறை கேட்கமாட்டார். ஒரு முறை கேட்பார், காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு பேராசிரியர் வந்து, ஒரு குறிப்பிட்ட புத்தகம் ஜெராக்ஸுக்கு வந்ததா என்று கேட்டார். நான் வாயாடி. வந்தது, இன்ன துறை வாத்தியார்தான் முழுப் புத்தகத்தையும் எடுத்துப் போனார், தன் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கப் போவதாகச் சொன்னார் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இரண்டு வாத்தியார்களும் ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. கனகசபாபதி சார் என் அறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "நாச்சிமுத்து, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. மிச்சம் வேணும்னா அவங்க கேப்பாங்க. கேக்காததைச் சொல்றது நம்ம வேலை இல்லீங்க" என்றார். எனக்கு அது பிடித்துப்போயிற்று. அதன்படியே நடந்துகொண்டேன்.

மெஷின் வருமுன் நூலகத்தில் சாயங்காலம் நாலு மணிக்குமேல் பெஞ்சு கிடைக்காது. வெளியே எடுத்துப்போக முடியாத புத்தகங்களைப் பார்த்துப் பிள்ளைகள் கையால் எழுதிக்கொண்டிருப்பார்கள். மெஷின் வந்து ஒரே வருடத்தில் பெஞ்செல்லாம் காலி. கூட்டம் முழுக்க என் ஜன்னலுக்கு வந்துவிட்டது. முதலில் தேவையான பக்கத்தை மட்டும் எடுத்தார்கள். பிறகு அத்தியாயம். பிறகு புத்தகத்தையே கொண்டுவந்து "முழுசா போடுங்ண்ணா" என்றார்கள். ஸ்பைரல் பைண்டிங், மேலே கண்ணாடித்தாள் அட்டை, வரிமேல் அடிக்க மஞ்சள் பேனா என்று வாங்கும் சாமான்களே மாறிப்போயின. கல்லூரி திறக்கும்போது டஜன் கணக்கில் நீள நோட்டு வாங்கியவர்கள் ஒரே ஒரு நோட்டை மடித்துப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு வந்தார்கள். ஜெராக்ஸ் கட்டை எடுத்துப்போய் அலமாரியில் வைத்துவிட்டால் படித்துவிட்ட நிம்மதி வந்துவிடும்போல. நான் குறை சொல்லவில்லை. எனக்கும் வீட்டில் படிக்காத பத்திரிகை ஒரு அடுக்கு இருந்தது.

எல்லோரும் எழுதுவதை விட்ட பிறகு, எழுதுகிற ஒருத்திக்கு மவுசு கூடிப்போயிற்று. அவள்தான் கலாமணி. தொண்டாமுத்தூருக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு காலனி. அப்பா தென்னந்தோப்பில் கூலி. இரண்டு பஸ் மாறி வருவாள். அந்த வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். பாடத்தை வகுப்பில் குறித்துக்கொண்டு, நூலகத்தில் புத்தகத்தோடு ஒப்பிட்டு, நீல மையில் மறுபடி எழுதுவாள். கையெழுத்து சாய்வு இல்லாமல் அச்சு மாதிரி நிற்கும். அடிக்கோடு சிவப்பு. தேர்வு நெருங்கினால் வகுப்பு அறுபது பேரும் அந்த நோட்டைத்தான் ஜெராக்ஸ் எடுப்பார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பாள். ஒருமுறை, "ஏன் கண்ணு, கஷ்டப்பட்டு எழுதறது நீ, மார்க் வாங்கறது அவங்களா?" என்று கேட்டேன். "எழுதும்போதே எனக்கு மனப்பாடம் ஆயிருதுங்ண்ணா. அப்பறம் நோட்டு சும்மாதானுங்க கெடக்குது" என்றாள்.

எல்லோருக்கும் நான் ஜெராக்ஸ் அண்ணன். என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு "நாச்சிமுத்து அண்ணா" என்று கூப்பிட்டது அவள் மட்டும்தான். மதியம் அந்தப் பக்கம் போனால் ஜன்னலில் நின்று "சாப்டீங்களாண்ணா?" என்பாள். இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள், கோயம்புத்தூரில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட ஆள் வேறு யாரும் இல்லை.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். மெஷினில் அளவைக் குறைக்கிற பொத்தான் உண்டு. இரண்டு பக்கத்தை ஒரு தாளில் அடக்கலாம். அப்படி எடுத்த இரண்டு தாளைச் சேர்த்து வைத்து மறுபடி குறைத்தால் நாலு பக்கம் ஒரு தாளில் வரும். இன்னொரு சுற்று விட்டால் எட்டு. இளங்கண் இருந்தால்தான் படிக்க முடியும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானே செய்து பார்த்து, பெருமையாக ஒரு பையனிடம் காட்டினேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் நோட்டை விரிக்க முடியாது, இந்தச் சின்னத் தாள் என்றால் ஒரு கையில் பிடித்துப் படிக்கலாம் என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தேன். கொஞ்ச நாளில் அது பஸ்ஸிலிருந்து இறங்கித் தேர்வு ஹாலுக்குள் போயிற்று. முழுக்கைச் சட்டையின் மடிப்பிலும் கால்குலேட்டர் உறையிலும் அந்தத் தாள் கிடைக்க ஆரம்பித்தது. கனகசபாபதி சார் என் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்: தேர்வுக்கு முந்தைய பத்து நாட்களில் அளவு குறைத்து எடுக்கக் கூடாது.

நான் கேட்கவில்லை. மீறவேண்டும் என்றும் நினைக்கவில்லை. பசங்கள் "அண்ணா, உங்களை விட்டா வேற ஆருங்ண்ணா எடுத்துத் தருவாங்க?" என்று ஜன்னலில் வந்து நின்றால் என்னால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. என்னிடம் யாரோ ஒன்றைக் கேட்டு நிற்பதே எனக்குப் போதுமாக இருந்தது. சீட்டு இல்லாமல் எடுத்துக் கொடுத்தேன்.

கலாமணி மூன்றாம் வருடம் படிக்கும்போது அது நடந்தது. இரண்டாம் நாள் தேர்வு. அவள் பெஞ்சுக்குக் கீழே, கால் பக்கத்தில், மடித்த ஒரு சின்னத் தாள் கிடந்தது. வெளியிலிருந்து வந்த பறக்கும் படை அதிகாரி எடுத்துப் பார்த்தார். எட்டுப் பக்கம் குறைத்து எடுத்த தாள். அவள் விடைத்தாளைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே கையெழுத்து. அதற்குமேல் அவருக்கு என்ன வேண்டும்? ஒரு கையெழுத்து ஒரு ஆளுடையது, அந்தக் கையெழுத்தில் உள்ள தாளும் அந்த ஆளுடையதுதான் என்பது அவர் படித்த காலத்துக் கணக்கு. அதே கையெழுத்து அந்த ஹாலில் இன்னும் எத்தனை பாக்கெட்டில் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டு அவளை வெளியே அனுப்பிவிட்டார்.

கல்லூரியில் விசாரணை வைத்தார்கள். குற்றம் உறுதியானால் அந்தப் பருவத்தின் எல்லாத் தாளும் ரத்து. அடுத்த வருடம் பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி ஆள் எடுக்க வருவதாக இருந்தது. அரியர் இல்லாதவர்களைத்தான் எடுப்பார்கள். கலாமணிக்கு அந்த வேலை கிடைக்கும் என்று வாத்தியார்களே பேசிக்கொண்டிருந்தார்கள்.

விசாரணைக்கு முதல் நாள் ஜன்னலுக்கு வந்தாள். அழவில்லை. "அண்ணா, உங்களையும் கூப்புடுவாங்களாமுங்க. நான் ஒரு தடவைகூட கொறைச்சு எடுக்கலைன்னு உங்களுக்குத் தெரியுமுங்கல்ல?"

"தெரியும் கண்ணு."

"எங்கிட்ட முழு நோட்டே இருக்குது. எனக்கு எதுக்குங்ண்ணா அந்தச் சீட்டு?"

"நான் சொல்றேன் கண்ணு. நீ போய் அடுத்த பரீட்சைக்குப் படி" என்றேன். அப்போது அதை மனதாரத்தான் சொன்னேன்.

மறுநாள் முதல்வர் அறைக்கு வெளியே அவள் அப்பா நின்றிருந்தார். வெளுத்த வேட்டி. துண்டைத் தோளில் போடாமல் கையில் மடித்துப் பிடித்திருந்தார். பெஞ்சு காலியாக இருந்தும் உட்காரவில்லை. என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தார். "நீங்கதானுங்களா நாச்சிமுத்து சாரு? புள்ள ஊட்ல உங்களப் பத்திச் சொல்லுமுங்க. ராத்திரி யானை எறங்குனா ஊரே தகரத்தத் தட்டிக்கிட்டு நிக்கும். அந்தச் சத்தத்துலயும் அது எழுதிக்கிட்டிருக்குமுங்க. அது அப்பிடிச் செய்யாதுங்க சாமி. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க." என்னை யாரும் அதற்குமுன் சாமி என்று கூப்பிட்டதில்லை. எனக்கு அது பிடிக்கவும் இல்லை. "பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே முதல்வர், தேர்வு அதிகாரி, ஒரு மூத்த பேராசிரியர் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். கனகசபாபதி சார் ஜன்னல் ஓரமாக நின்றிருந்தார். கலாமணியை ஏற்கெனவே விசாரித்து வேறு அறையில் உட்கார வைத்திருந்தார்கள். தேர்வு அதிகாரி அந்தத் தாளை என் கையில் கொடுத்தார்.

"இது உங்க மெஷின்ல எடுத்ததா?"

என் மெஷின் கண்ணாடியில் ஸ்டேப்ளர் பின் கிழித்த ஒரு கீறல் இருந்தது. எல்லாப் பிரதியிலும் வலது ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விழும். அந்தத் தாளிலும் விழுந்திருந்தது. "ஆமாங்க" என்றேன்.

"இது யார் நோட்டு?"

"கலாமணி நோட்டுங்க."

"நிச்சயமா?"

"ஆமாங்க."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்து, யார் எடுத்துப் போனது என்று கேட்பார்கள் என்று நின்றேன். கேட்டால் சொல்லியிருப்பேன். இதைச் சத்தியம் செய்து என்னால் சொல்ல முடியும். அவர்கள் கேட்கவில்லை. கேட்காததை நானாகச் சொன்னால், அறிவிப்பை மீறியது யார் என்ற கேள்வி வரும். என்னை நிரந்தரமாக்கும் ஆணை அந்த மாதம்தான் நிர்வாகத்தின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. மகளுக்கு அப்போது பத்து வயது. இதையெல்லாம் அந்த அரை நிமிடத்துக்குள் நினைத்தேன். கனகசபாபதி சாரைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். 'கேட்டதற்கு மட்டும்' என்பதைத்தான் அந்தப் பார்வை ஞாபகப்படுத்துகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

"நீங்க போகலாம்" என்றார் முதல்வர். வந்துவிட்டேன்.

தீர்ப்பு அன்றைக்குச் சாயங்காலமே வந்தது. பருவத்தின் எல்லாத் தாளும் ரத்து. அப்பாவும் மகளும் போகும் வழியில் என் ஜன்னலில் நின்றார்கள். அவர் கும்பிட்டார். "நீங்க சொல்லியுங்கூட அவங்க நம்பலீங்களே சாமி. எங்க நேரம். நீங்க எங்களுக்காக வந்து நின்னீங்களே, அதுவே போதுமுங்க." கலாமணி அழுது வீங்கிய முகத்தோடு என்னைப் பார்த்து, "வாரேனுங்ண்ணா" என்றாள். நான் சொல்லவில்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். மெஷினுக்குள் தாள் சிக்கிக்கொண்ட மாதிரி குனிந்து மூடியைத் திறந்தேன். எதுவும் சிக்கவில்லை.

அடுத்த மாதம் எனக்கு நிரந்தர ஆணை வந்தது.

கம்பெனி வந்தது, ஆள் எடுத்துக்கொண்டு போயிற்று. கலாமணி ஒரு வருடம் பின்தங்கி, தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்து படித்தாள். நோட்டு கேட்டவர்களுக்கு அப்போதும் கொடுத்தாள். நானாக இருந்தால் கொடுத்திருக்கமாட்டேன். மதியம் என் ஜன்னலில் நின்று "சாப்டீங்களாண்ணா?" என்று கேட்பதையும் விடவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கேள்வியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் வரும் நேரம் பார்த்து ஜன்னலைச் சாத்திவிட்டு, பின்பக்கம் பைண்டிங் கட்டுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்வேன். ஒரு மாதம் சாத்திய ஜன்னலைப் பார்த்துவிட்டு அவளும் வருவதை நிறுத்திவிட்டாள்.

அதற்குள் கல்லூரி வாசலுக்கு எதிரே மூன்று ஜெராக்ஸ் கடைகள் வந்துவிட்டன. அங்கே சீட்டு எழுத வேண்டாம், அறிவிப்பு கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துத் தருவார்கள். கலாமணியின் நோட்டே ஸ்பைரல் போட்டு வாசலில் தொங்கியது. முதல் பக்கத்தில் பெயர் இல்லை. பிள்ளைகளெல்லாம் சாலையைக் கடந்து போய்விட்டார்கள். நான் பீரோவில் பல்பை எரிய விட்டுக்கொண்டு, வெதுவெதுப்பான தாளோடு உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ நாள், காலையில் "வணக்கங்க" என்று வாட்ச்மேனிடம் சொன்ன பிறகு சாயங்காலம்வரை வாய் திறக்க வேலை இருக்காது. தனிமை என்றால் யாரும் இல்லாதது என்று அதற்குமுன் நினைத்திருந்தேன். ஒரு ஆள் இருந்து, அந்த ஆளின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒளிந்து உட்கார்ந்திருப்பது அதைவிட மோசமானது.

கனகசபாபதி சார் ஓய்வு பெற்ற நாளில், டீயும் மிச்சரும் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அவர் மேசையைக் காலி செய்ய உதவினேன். அன்றைக்குச் சொல்லிவிட்டேன். குறைத்து எடுத்தது, சீட்டு இல்லாமல் கொடுத்தது, கலாமணி அதை வாங்கவே இல்லை என்பது, எல்லாவற்றையும். அவர் ஒரு கட்டுத் தாளைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியுமுங்க" என்றார். "அந்தத் தாளை மொதல்ல எங்கிட்டத்தான் காட்டுனாங்க. நீங்க பசங்களுக்கு எடுத்துக் குடுத்திருப்பீங்கன்னு அப்பவே நெனச்சேன். நீங்க வாயைத் தொறந்தா, நான்தான் அனுமதி குடுத்தேன்னு சொல்லிப்போடலாம்னு நின்னுட்டிருந்தேனுங்க."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே சார்" என்றேன்.

அவர் தாளை மேசையில் வைத்தார். "ஆமாங்க நாச்சிமுத்து" என்றார். "நானும் கேக்கலை."

அவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. என் மனைவியும் போய்விட்டாள். மகள் வெளிநாட்டில். கலாமணி படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கிப் போனாள் என்பது மட்டும் தெரியும். எங்கே இருக்கிறாள், என்ன செய்கிறாள் என்று விசாரிக்க எனக்கு முகம் இல்லை. அவள் அப்பா கடைசிவரை என்னை நல்லவன் என்றே நினைத்திருப்பார்.

செந்தில், நீங்கள் கேட்டது கலகலப்பான கட்டுரை. என்னால் கொடுக்க முடிந்தது இதுதான். தேர்வுக்கு முந்தைய வாரம், ஒரு புதன்கிழமை மத்தியானம், அந்த வகுப்பிலிருந்து ஏழு பையன்கள் வந்தார்கள். கலாமணியின் நோட்டை எட்டுப் பக்கம் ஒரு தாளாகக் குறைத்து, ஏழு பேருக்கும் நான் எடுத்துக் கொடுத்தேன். கலாமணி வரவில்லை. அவளுக்கு நான் எடுத்துக் கொடுக்கவும் இல்லை. பெஞ்சுக்குக் கீழே கிடந்த தாள் அவளுடையது அல்ல.